அச்சகத்திலேயே குறுகிய கார்டா, பின்னர் நறுக்கிய கார்டா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட, சேகரிப்போர் தேடும் பேஸ்பால் ஆட்டக்காரர் பட அட்டை (கார்டு) ஒன்றை, "ஓரம் நறுக்கப்படாதது" (அதாவது, தேய்ந்த ஓரத்தைப் புதிதாகக் காட்டப் பின்னர் யாரும் வெட்டாதது) என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 3,200 டாலருக்கு வாங்கினேன். கார்டின் நிலையைப் பார்த்துத் தர மதிப்பெண் (கிரேடு) தரும் நிறுவனம், குறைந்தபட்ச அளவு இல்லை என்று கூறி, கிரேடு தராமல் திருப்பி அனுப்பிவிட்டது. விற்றவரோ அச்சகத்திலேயே அப்படித்தான் வெட்டினார்கள் என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நிறுவனம் சொன்ன காரணம் "அளவுக் குறைவு" என்பதா, "நறுக்கியதற்கான அடையாளம்" என்பதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டாப்ஸ் கார்டின் உரிய அளவு 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். பெரிய தாள்களில் அச்சிட்டு வெட்டும்போது தாள் சற்றே நகர்ந்தாலும் ஒரு கார்டு குறுகும். சிலவற்றில் பக்கத்துக் கார்டின் விளிம்பே ஒட்டிக்கொண்டு வரும். பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் படம் நடுவில் அமையாத கார்டுகளுக்குக் கிரேடுடன் தனிக் குறியீடு இட்டுத் தருவதுண்டு. ஆனால் அளவு குறைந்த கார்டுக்கு, வெட்டியவர் யார் என்று முடிவு கட்டாமலேயே கிரேடு மறுக்கலாம். ஆகவே இந்த மறுப்பு மட்டுமே விற்றவர் பொய் சொன்னார் என்பதற்குச் சான்றாகிவிடாது.

நியூஜெர்சி ஏற்றுள்ள சீரான வணிகச் சட்டத்தின் 2-313-ஆம் பிரிவின்படி, பொருளைப் பற்றி விற்பவர் தரும் விவரம் பேரத்தின் அடிப்படையாக அமைந்தால், அது வெளிப்படையான உத்தரவாதமாகும். "ஓரம் நறுக்கப்படாதது" என்பது அத்தகையது. "நல்ல கிரேடு வரும்" என்று சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் வெறும் புகழ்ச்சியாகவே கொள்ளப்படும். நறுக்கியதை நிரூபிக்க வேண்டியவர் நீங்களே என்பதால், அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு ஓரங்களை உருப்பெருக்கியில் பார்க்கச் செய்து, எழுத்தில் கருத்துப் பெறுங்கள். மூன்று ஓரங்கள் பழுப்பேறி நார் தளர்ந்திருக்க, நான்காவது மட்டும் வெண்மையாகவும் கூர்மையாகவும் இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். டி206 என்ற பழைய வரிசையைச் சேர்ந்த, ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற கார்டின் ஓரத்தை நறுக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, 2013-இல் தம் மோசடி வழக்கில் ஒப்புக்கொண்டார். நறுக்கப்பட்ட அந்தக் கார்டு, அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே பத்துக்கு 8 என்ற கிரேடு பெற்றிருந்தது என்பதையும் கவனியுங்கள். கிரேடு என்பது ஒரு கருத்துதான்.

குறையைக் கண்டதும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால், அதே சட்டத்தின் 2-607-ஆம் பிரிவின்படி பரிகாரமே பறிபோய்விடும், இன்றே எழுதுங்கள். கார்டைத் திருப்பித் தந்து பணம் கேட்பதானால் அதன் நிலை மாறக்கூடாது. சுத்தம் செய்யவோ, அழுத்தி நேராக்கவோ முற்படாதீர்கள். பொதுவாக வழக்குத் தொடரக் கெடு, கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள். தொகை 5,000 டாலரைத் தாண்டாததால் சிறு வழக்கு மன்றமே போதும்.

அச்சகத்திலேயே குறுகியது என்று தெரியவந்தால், அந்த விளம்பர வாசகத்தின் பேரில் உங்களுக்கு வழக்கில்லை. "முழு அளவு" என்றும் அவர் எழுதியிருந்தாரா என்று பழைய செய்திகளைத் தேடிப் பாருங்கள். எழுதியிருந்தால், வெட்டியவர் யாராக இருந்தாலும் நீங்கள் இழப்பீடு கேட்கலாம்.