இரண்டு நாள் சான்றிதழை நம்பிக் குளத்தில் இறங்கலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் சொல்லித்தரச் சொல்கிறார் தலைமையாசிரியர். சின்ன வயதில் கிணற்றில் பழகிய நீச்சல் எனக்குத் தெரியும். ஒரு தனியார் மையம் 2 நாள் பயிற்சிக்கு 7,500 ரூபாய் கேட்கிறது. ‘சர்வதேசச் சான்றிதழ்’ உண்டாம். சேரலாமா? பள்ளிக்குப் பக்கத்துக் குளத்திலேயே பழக்கலாமா?

பதில்: அந்த 7,500 ரூபாயை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விளையாட்டில் ஊறியவர்களைப் பயிற்சியாளராக்கப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் சான்றிதழ் படிப்பே 6 வாரம். இவர்கள் 2 நாளில் உங்களை என்னவாக்கப் போகிறார்கள்? ‘சர்வதேச’ என்று போட அச்சகத்தில் தனிக் கட்டணம் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் இப்படியொரு முகாமுக்கு என்னைத் தேர்வாளராகக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேரும்போதே நாற்பது ஆசிரியர்களின் சான்றிதழும் பெயரோடு அச்சாகி மேசையில் அடுக்கியிருந்தது. நீரில் இறக்கிப் பார்த்தால், ஏழு பேர் ஓரக் கம்பியிலிருந்து கையையே எடுக்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்தேன். அடுத்த வருடம் வேறு தேர்வாளர். பள்ளிக்கும் மையத்துக்கும் நடுவில் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பார்க்கும் ஏஜென்ட் ஒருவர் இருப்பார். உங்களுக்குப் போன் செய்ததும் அநேகமாக அவர்தான்.

அவரிடம் இதைக் கேளுங்கள். நீருக்குள் மொத்தம் எத்தனை மணி நேரம்? தத்தளிப்பவரைக் கரை சேர்த்துக் காட்டச் சொல்வார்களா? சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, வாய்வழியாக மூச்சு ஊதும் முதலுதவி) பழகப் பொம்மை இருக்கிறதா? அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, நிஜக் குழந்தைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பேனா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் போனை வைத்துவிடலாம்.

உங்களுக்குக் கிணற்று நீச்சல் தெரியும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் நீந்துவது வேறு, பதினைந்து பிள்ளைகளில் எது சத்தமில்லாமல் அமிழ்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு. மூழ்கும் பிள்ளை கூச்சல் போடாது, கையாட்டாது. மூச்சுக்கே திணறும்போது சத்தம் எங்கிருந்து வரும்? மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, அரசு நீச்சல் குளம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அங்குள்ள பயிற்சியாளருக்கு ஒரு கோடை முழுக்க உதவியாளராக நில்லுங்கள். சான்றிதழ் தராவிட்டாலும் பரவாயில்லை. சி.பி.ஆரைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை மூச்சு. மூச்சு நின்றிருந்தால், வாயோடு வாய் வைத்து ஊதுவதில் தொடங்கி, பிறகு 30 முறை மார்பை அழுத்த 2 முறை மூச்சு என்று 108 வரும்வரை தொடர வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும் ஊரில் யாராவது ஆரம்பித்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

குளம் என்றாலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் தளமும் வேலியும் கட்டி, ஆழத்தைக் கட்டுப்படுத்திப் பழக்குகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் இலக்கு, பதக்கம் அல்ல. உங்கள் குளத்தில் இடுப்பளவு நீரில் நின்று குனிந்து பாருங்கள். உங்கள் பாதம் தெரிகிறதா? தெரியாவிட்டால் அமிழ்ந்த பிள்ளையும் தெரியாது. மண் அள்ளிய பள்ளம் இருந்தால் பேச்சே வேண்டாம், அங்கே பழக்கக் கூடாது.

நீந்தத் தெரியாத பிள்ளைகளை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் இறக்காதீர்கள். ஏற்கெனவே சொருகு அடிக்க (தலை முதலாக நீரில் பாய) தெரிந்த பையன்களைத் தனியே பிரித்து வையுங்கள். “இவனுக்கு என்ன சார், மீன் குஞ்சு” என்பார்கள். அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நண்பன் தத்தளித்தால் முதலில் குதிப்பவன் அவன். பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் நண்பனோடு சேர்ந்து அமிழ்வதும் அவன். ஒருவர் விழ, காப்பாற்றப் போன மூவரும் போனார்கள் என்று செய்தியில் படிக்கிறோமே, அது இதுதான். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய நான்கு இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் மீட்டார்கள். அவர்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசித்தான் மீட்டார்கள். அதை அவனுக்குச் சொல்லுங்கள். கம்பு, வேட்டி, துப்பட்டா, மூடிய காலி கேன், கவிழ்த்த பிளாஸ்டிக் குடம்: வீசக் கற்றவனே உங்கள் வகுப்பில் தேறியவன். அவனை நான்கு முறை, ஐந்து முறை செய்துகாட்ட வையுங்கள், அலுத்துக்கொண்டாலும் விடாதீர்கள்.

பெற்றோர் கடிதம், துறை அனுமதி எல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய் வார்த்தை போதாது. வருடா வருடம் விடுமுறைக்கு முன் ‘நீர்நிலைகளுக்குச் செல்ல வேண்டாம்’ என்று சுற்றறிக்கை வரும். காலை வழிபாட்டில் படிப்போம். பிள்ளைகள் அன்று மாலையே ஏரிக்குப் போவார்கள். ஒரு கயிறு வாங்கப் பணம் கேளுங்கள், கோப்பு ஆறு மாதம் சுற்றும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வீசிக் காப்பாற்றும் பாடத்துக்குக் குளமும் தேவையில்லை, சான்றிதழும் தேவையில்லை. நாளைக்கே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவனைப் படுக்க வைத்து ஆரம்பியுங்கள். மேலிடத்துக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டால், குடம் வீசும் படத்தை எடுத்துக் கொடுங்கள்.