சென்னையில் ஒரு பழைய வீட்டின் உரிமையாளர்களையும் அங்கே குடியிருந்தவர்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் தந்திருக்கும் விவரம்: திருவல்லிக்கேணியில் தாத்தா காலத்தில் குடும்பம் இருந்த வீடு. கையில் இருப்பது 1950களின் வீட்டு வரி ரசீது ஒன்று. அந்த வீடு யார் யார் கைக்குப் போனது, யார் யார் குடியிருந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். யாருக்குச் சொந்தம் என்பது ஒரு தேடல், யார் வாழ்ந்தார்கள் என்பது வேறு தேடல். பத்திரங்கள் மனையின் பின்னால் போகின்றன. வாடகைக்கு இருந்தவரை அவை கண்டுகொள்வதில்லை. என் தாய்வழித் தாத்தா குடும்பம் மயிலாப்பூரில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தது. அம்மா பிறந்தது அங்கேதான். அந்த வீட்டின் பத்திரங்களில் கிடைத்தவை அத்தனையும் படித்துவிட்டேன். ஒன்றில்கூட எங்கள் வீட்டு ஆள் ஒருவர் பெயர் கிடையாது. எனக்கு அது பெரிய வருத்தம். அதனால்தான் இந்தப் பதிலில் குடியிருந்தவர்களுக்கும் நிறைய இடம் கொடுக்கப் போகிறேன்.

உங்கள் ரசீதிலிருந்து தொடங்கலாம். அதில் இருக்கும் கதவு எண்ணை அப்படியே நம்பி இன்றைய தெருவில் போய் நிற்காதீர்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று பல வீடுகளுக்கு இரண்டு இருக்கின்றன. 1950களின் எண் இந்த இரண்டில் எதுவாகவும் இல்லாமலும் இருக்கலாம். தெருப் பெயரும் மாறியிருக்கலாம். 1970களின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை எடுத்தார்கள். அதற்கு முந்தைய காகிதத்தில் ஒரு பெயர், பிந்தையதில் ஒரு பெயர் என்று இருக்கும். ரசீதில் பயனுள்ளவை மாநகராட்சி டிவிஷன் (வார்டு) எண்ணும் வரி கட்டியவர் பெயரும்தான். வரி பெரும்பாலும் உரிமையாளர் பெயரில் இருக்கும். ஆனால் அவர் இறந்து பல வருடம் ஆன பிறகும் அதே பெயரில் ரசீது வந்துகொண்டிருப்பது உண்டு. ஆகவே ரசீது இருக்கும் ஆண்டில் அவர் உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வீட்டுக்கு நிலையான அடையாளம் சர்வே எண்தான். தாலுகா அலுவலகத்தில் டிஎஸ்எல்ஆர் என்று கேளுங்கள், அதாவது நகர நில அளவைப் பதிவேடு. பிளாக் எண்ணும் நகர அளவை எண்ணும் அதில் இருக்கும். பழைய சென்னைப் பத்திரங்களில் இதோடு பழைய சர்வே எண், ரீசர்வே எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் என்று மூன்று நான்கு எண்கள் வரும். கண்ணில் படும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் பின்னால் போகும்போது அதில் ஒன்றுதான் கைகொடுக்கும், எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், அங்கே பழைய இண்டெக்ஸ் புத்தகங்களைப் புரட்டித்தான் எழுதித் தருவார்கள். அலுவலகங்களின் எல்லை பலமுறை பிரிந்து மாறியிருக்கிறது. இன்றைய அலுவலகத்தில் இல்லையென்றால் அது எந்த அலுவலகத்திலிருந்து பிரிந்தது என்று கேட்டு அங்கே போங்கள். சைதாப்பேட்டை போன்ற பகுதிகள் 1946ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அந்தப் பக்கத்து வீடு என்றால் அதற்கு முந்தைய கோப்புகளைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் தேட வேண்டும். தியாகராய நகர் வீடு என்றால் வேலை சுலபம். 1920களில் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது, உரிமையாளர்களின் சங்கிலி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

“அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை நமக்குக் கொடுப்பார்களா?” என்று பலர் தயங்குகிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். பதிவான உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது வெளியாருக்குக் கிடையாது, அவர் காலத்துக்குப் பிறகு யாரும் நகல் கேட்கலாம்.

வில்லங்கச் சான்றில் வருவது வெறும் பட்டியல்: தேதி, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவண எண். அதோடு நிறுத்திவிட்டால் சுவையானதை எல்லாம் விட்டுவிடுவீர்கள். பத்திரத்தின் முழு நகலை வாங்குங்கள். பழைய கிரயப் பத்திரத்தின் முதல் பத்தியில் இன்னாரின் குமாரர், இன்ன தொழில், இன்ன தெருவில் இத்தனாம் நம்பர் வீட்டில் வசிப்பவர் என்று இருக்கும். அந்த ‘வசிப்பவர்’ என்ற இடத்தைக் கூர்ந்து பாருங்கள். விற்றவர் அதே வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தால் அவர் அங்கேயே வாழ்ந்தவர். வேறு விலாசம் என்றால் வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நான் பார்த்த அந்த மயிலாப்பூர் வீட்டில் இரண்டு உரிமையாளர்கள் அடுத்தடுத்து வெளியூர் விலாசம் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் வீட்டில் ‘வீட்டுக்காரர்’ என்றால் மாதம் ஒருமுறை வாடகை வாங்க வரும் மனிதர் என்று மட்டும்தான் எல்லோருக்கும் நினைவு. ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரமும் செக்குபந்தியும் வரும். இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்ன சந்துக்குத் தெற்கு என்று நாலு பக்கமும் சொல்லி, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அளவு போட்டிருப்பார்கள். கிரவுண்ட் கணக்கிலும் இருக்கும், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இந்த நாலு எல்லையைத்தான் நான் பத்திரத்திலேயே மிகவும் மதிக்கிறேன். கதவு எண் மாறி, தெருப் பெயர் மாறி, சர்வே எண்ணும் குழம்பிப்போகும்போது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் அடிக்கணக்கையும் வைத்து இது அதே மனைதான் என்று உறுதி செய்யலாம். தவிர, பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவர்கள் குடும்பத்தில் யாராவது இன்னும் அந்தத் தெருவில் இருக்கலாம்.

சங்கிலியில் சில கண்ணிகள் காணாமல் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். அப்பா இறந்து பிள்ளைகள் அப்படியே அனுபவித்து வந்தால் பதிவு எதுவும் இருக்காது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டாலும் அப்படித்தான். மூலப் பத்திரத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்து வாங்கும் கடனும் சென்னை நகரத்தில் பதிவில்லாமலே செல்லுபடி ஆனது. அதனால் வில்லங்கச் சான்று வெறுமையாக இருந்தால் அந்த ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. உயில் வழியாகக் கைமாறியிருந்தால் உயர் நீதிமன்றத்தின் புரோபேட் கோப்புகளைப் பாருங்கள். உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரோபேட். சென்னை நகரத்துக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கு நீண்ட காலம் புரோபேட் கட்டாயமாக இருந்தது, அந்த மனுக்களில் வாரிசுகளின் பெயர் முழுசாக வரும். இன்னொன்று: சம்பாதித்தவர் கணவராக இருந்தாலும் வீட்டை மனைவி பெயரில் வாங்குவது சகஜம். பத்திரத்தில் பெண் பெயர் வந்தால் அவருடைய பிறந்த வீட்டையும் விசாரியுங்கள், சீதனமாக வந்திருக்கவும் கூடும்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாதிரி கோயில் சூழ்ந்த பகுதியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மனை யாருடையது? மனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ, மேலே கட்டிய வீடு மட்டும் குடியிருப்பவருக்கு என்று பல வீடுகள் உண்டு. அடிமனை வாடகை என்று சொல்வது இதைத்தான். இப்படி இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் 1921ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் வீடும் அந்த வகை என்றால் பத்திரத்தில் ‘கட்டடம் மட்டும்’ விற்றிருப்பார்கள். அப்போது கோயில் அலுவலகத்தின் வாடகைப் பேரேடுதான் உங்களுக்கு மூலப் பத்திரம்.

சரி, இனி குடியிருந்தவர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் முதலில் கேட்பார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து வீட்டுவாரியான தாள்களைத் திறந்துவிடுகிறார்கள், இங்கிலாந்தில் 100 ஆண்டு. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தாள்கள் யாருக்கும் காட்டப்படுவதில்லை. அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நமக்கு வாக்காளர் பட்டியல் இருக்கிறது. முதல் பொதுத்தேர்தல் 1951-52ல் நடந்தது, அதிலிருந்து தெருவாரியாக, கதவு எண் வாரியாகப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது என்று வயதுவந்த எல்லோருக்குமான பதிவு தொடங்குகிறது. பழைய பட்டியல்கள் எல்லா ஆண்டுக்கும் ஓரிடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கிடைத்த ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கதவு எண்ணின் கீழே சம்பந்தமே இல்லாத ஐந்தாறு தந்தை பெயர்கள் வந்தால் அது ஒண்டுக்குடித்தனம். 1989க்கு முன் வாக்குரிமை வயது 21. ஆகையால் இருபது வயதுப் பிள்ளை பட்டியலில் இல்லை என்பதற்காக அவர் அந்த வீட்டில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அம்மாவின் பாட்டி பெயரை நான் அச்சில் பார்த்த ஒரே இடம் இந்தப் பட்டியல்தான். சொத்தில்லை, வேலையில்லை, வங்கிக் கணக்கில்லை, ஆனால் ஓட்டு இருந்தது.

அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் அசைலம் பிரஸ் வெளியிட்ட சென்னை டைரக்டரிகளைத் தேடுங்கள். கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்கலாம், சில ஆண்டுகள் இணையத்திலும் ஸ்கேன் ஆகியிருக்கின்றன. ஆனால் அதில் இடம்பெற்றவர்கள் ஆங்கிலேயர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், வியாபாரிகள். சாதாரணக் குடும்பம் அதில் இருக்காது. வாடகைத் தகராறு ஏதாவது நடந்திருந்தால் சிறுவழக்கு நீதிமன்றத்தின் வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகளில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இருவர் பெயரும் ஒரே காகிதத்தில் கிடைக்கும். இரண்டு தேடலும் சந்திக்கும் அபூர்வமான இடம் அது. 1942ல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் ஏராளமானோர் ஊரைக் காலி செய்தார்கள். 1942க்கு முன்னும் பின்னும் ஒரே வீட்டில் வேறு வேறு குடும்பங்கள் தென்பட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வீட்டிலேயே இருக்கும் காகிதங்களை மறக்காதீர்கள்: கல்யாணப் பத்திரிகை, தபால் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு. விலாசமும் தேதியும் சேர்ந்து இருக்கும் எதுவும் சாட்சிதான்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், இன்றைக்கே, குடும்பத்தில் அந்த வீட்டில் வாழ்ந்த மூத்தவர் ஒருவரிடம் உட்காருங்கள். அலுவலகப் புத்தகம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். “யாரெல்லாம் இருந்தார்கள்?” என்று கேட்டால் “நிறையப் பேர் இருந்தாங்க” என்று முடித்துவிடுவார்கள். வெள்ளைத் தாளில் வாசல், ரேழி, முற்றம், கிணறு, மாடிப்படி என்று வீட்டின் வரைபடத்தைப் போட்டு, இந்த அறையில் யார், கிணற்றங்கரையை ஒட்டிய போர்ஷனில் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். என் பெரியம்மா அந்தத் தாளைப் பார்த்ததும் பேனாவை வாங்கி அவராகவே எழுத ஆரம்பித்துவிட்டார்: மாடியில் ‘தந்தி ஆபீஸ் மாமா’, பின்கட்டில் ‘தையல்காரர் வீடு’. எல்லாம் இப்படிக் கூப்பிட்ட பெயர்கள்தான் வரும், பரவாயில்லை, சொன்னபடியே எழுதுங்கள். எந்த வருடம் என்பதையும் பிள்ளை பிறந்தது, கல்யாணம் நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்த கணக்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாக்காளர் பட்டியலுக்குப் போனால், தந்தி ஆபீஸ் மாமாவின் முழுப்பெயரும் அவர் அப்பா பெயரும் வயதும் அங்கே அச்சில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.