தெரிந்த மெட்டும் திரை இசையும்: வாசகர் கேள்வி

கேள்வி: பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களின் பின்னணியில் அந்நாட்டு மக்கள் பாடிவந்த பழம்பாட்டுகளே அடிக்கடி ஒலிக்கின்றன. இருக்கும் மெட்டை எடுத்து வாசிப்பதை இசையமைப்பு என்று எப்படிச் சொல்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஜான் ஃபோர்டு இயக்கி 1939-இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தின் இசை, பெரும்பாலும் அமெரிக்க நாட்டுப்பாடல்களைக் கொண்டே கட்டப்பட்டது, அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஆனால் விருதைச் சான்றாகக் காட்டுவதைவிட ஒரு காட்சியைப் பார்ப்பதே நியாயம். ஊரின் ‘கண்ணியமான’ பெண்மணிகள் சேர்ந்து, நடத்தை சரியில்லை என்று டாலஸ் என்னும் பெண்ணை ஊரைவிட்டு விரட்டுகிறார்கள். அப்போது பின்னணியில் கேட்பது, தேவனின் சிங்காசனத்தருகே ஓடும் நதிக்கரையில் நாம் எல்லாரும் கூடுவோமா என்று கேட்கும் ஞானப்பாட்டின் மெட்டு. ராபர்ட் லோரி 1864-இல் இயற்றிய அப்பாட்டைத் தேவாலயத்தில் பாடி வளர்ந்த ரசிகருக்கு, சொற்கள் ஒலிக்காமலேயே அந்தக் குத்தல் சுருக்கென்று தைத்திருக்கும். புதிதாகப் போட்ட மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்திருக்காது.

ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) இன்னும் நுட்பமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்த ஈதனுக்கும் அவனுடைய சகோதரனின் மனைவி மார்த்தாவுக்கும் இடையே உள்ள அன்பைப் பற்றிப் படத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவன் புறப்படும் முன், உள்ளறையில் அவனது மேலங்கியை எடுத்து அவள் மெல்லத் தடவிக்கொடுக்கிறாள்; முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருக்கும் பாதிரியார் அதைக் காணாதவர்போல் நேரே பார்த்தபடி நிற்கிறார். படத்தின் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனர் அவ்விடத்தில் இழையவிடும் ‘லொரீனா’, கைகூடாத காதலைப் பற்றிய 1857-ஆம் ஆண்டுப் பாட்டு. அந்தப் போரில் இரு தரப்புச் சிப்பாய்களும் பாடியது. எந்தப் பாட்டை, எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது என்று தீர்மானிப்பதும் இசையமைப்புதான். நாட்டுப்பாட்டை வெறும் ஊறுகாயாகத் தொட்டுக்கொண்ட படங்களும் ஏராளம். அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை.

கேள்வி: தமிழில் இதற்கு இணையாக எதையாவது சொல்ல முடியுமா? (அதே வாசகர்)

பதில்: பின்னணி இசையில் அல்ல, பாட்டிலேயே ஒன்று உண்டு. கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில் (1985) ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்று நாட்டுப்புற நடையில் தொடங்கும் பாட்டு, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. இரண்டும் ஒட்டவேண்டும் என்பதற்காக, காம்போதி ராகத்தில் அமைந்த கீர்த்தனையைச் சாரமதி ராகத்துக்கு மாற்றிவிட்டார் இளையராஜா. காம்போதியில் கேட்டுப் பழகிய காதுகளுக்கே அந்தத் துணிச்சலின் அளவு முழுதாகத் தெரியும். அந்தப் படத்துக்காக அவருக்கும், இந்தப் பாட்டுக்காக சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.