பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரைப் புது ஆம்ப்ளிஃபயரில் மாட்டலாமா?

கேள்வி: பழைய வீட்டைக் காலி செய்தபோது, 1980களில் வாங்கிய இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் கிடைத்தன. பின்னால் 8 ஓம், 30 வாட் என்று இருக்கிறது. ஒயர் நுனியில் ஒரு தட்டைப் பின்னும் ஒரு உருண்டைப் பின்னும் உள்ள சிறிய ப்ளக். நான் வாங்கியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் சேனலுக்கு 50 வாட், 4 முதல் 8 ஓம் வரை. ஒயரை வெட்டி மாட்டலாமா? ஏதாவது எரிந்துவிடுமா?

பதில்: தாராளமாக மாட்டலாம். 30 வாட் ஸ்பீக்கருக்கு 50 வாட் ஆம்ப்ளிஃபயர் என்பது, வால்யூமை முழுக்க ஏற்றாதவரை, கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. வால்யூம் எவ்வளவோ அவ்வளவு பவர்தான் ஸ்பீக்கருக்குப் போகும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட் போதும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, தேவையற்ற உயர் அதிர்வெண் சக்தி ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலி தரும் சிறிய ஸ்பீக்கருக்கு) போகும். அதன் மெல்லிய காயில் (கம்பிச்சுருள்) அதில் எரிந்துவிடும். சத்தம் கரகரக்கத் தொடங்கினால் உடனே குறையுங்கள்.

பெட்டியின் பின்னால் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நாற்பது வருடத்தில் யாராவது உள்ளே ஊஃபரை (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரை) மாற்றியிருக்கலாம். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3 முதல் 3.5 வரை. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். அதை மாட்டவே கூடாது. எண்ணே வராவிட்டால் காயிலோ ஒயரோ அறுந்திருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ட்வீட்டருக்கு முன்னால் மீட்டரின் டிசி மின்சாரத்தைத் தடுக்கும் கெபாசிட்டர் இருப்பதால் இந்த அளவு ஊஃபரைப் பற்றி மட்டுமே சொல்லும்.

அடுத்து முன்பக்க வலையைக் கழற்றி, கோனை (ஊஃபரில் அதிரும் கூம்பை) சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். அது ஃபோம் என்றால், நம் ஊர் ஈரக்காற்றில் இத்தனை வருடத்தில் பெரும்பாலும் பொடிந்திருக்கும். ரப்பரும் துணியும் தாங்கும். ஃபோம் உதிர்ந்த நிலையில் ஓட்டினால் காயில் நடுவிலிருந்து விலகிக் காந்தத்தில் உரசும். விரல்களைக் கோனைச் சுற்றிப் பரப்பி, சமமாக மெல்ல அழுத்துங்கள். 'சரக்' என்று உரசினால் முதலில் ரீகோனிங் (கோன், காயில் மாற்றித் தரும்) கடைக்குக் கொண்டுபோங்கள். மரப்பெட்டி நன்றாக இருக்கிற ஸ்பீக்கரைத் தூக்கிப் போட மனம் வரக் கூடாது.

இனி ஒயர். ப்ளக்கை வெட்டும் முன் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: உருண்டைப் பின் ப்ளஸ், தட்டைப் பின் மைனஸ். சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனைகளில் அரை நொடி மட்டும் தொடுங்கள். ஊஃபர் வெளிப்பக்கம் நகர்ந்தால், பேட்டரியின் ப்ளஸ் தொட்ட ஒயர்தான் ப்ளஸ். பழைய ஜேபிஎல் மாடல்களில் இது தலைகீழாக வரும், ஆனால் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் போதும். ஒன்று மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காது.

பழைய ஒயர் விறைத்துப்போயிருந்தால் புதிதே போடுங்கள். 10 மீட்டர் வரை 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும். மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய ஒயர் வேண்டாம். அதன் மின்தடை அதிகம், திருகில் இறுக்கினால் நுனியும் ஒடியும். 10 மில்லிமீட்டர் மட்டும் சீவி, இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஒரே ஒரு இழை நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் போய்விடலாம். ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான் இதில் கை வைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. பழைய செட்டுகள் பலவற்றில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸும் ஒரே கிரவுண்டில் சேர்ந்திருந்தன. அந்தப் பழக்கத்தில் மூன்று ஒயராக இழுத்தவர்களும் உண்டு. இன்றைய சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் அவுட்புட். அதாவது கறுப்பு (மைனஸ்) டெர்மினலிலும் சிக்னல் வரும். இரண்டு கறுப்பையும் ஒன்றாக இணைக்கவோ, உலோகப் பெட்டியில் தொடவோ கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு ஒயர்.

பின்னாளில் இன்னொரு ஜோடியையும் சேர்த்து மாட்ட ஆசை வந்தால், 8 ஓமும் 8 ஓமும் இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆகும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் எல்லை.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, மெல்ல ஏற்றிக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஜால்ரா, வயலின் மங்கிக் கேட்டால் ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். அதன்மேல் 4.7 மைக்ரோஃபேரட் என்றிருந்தால் அதே மதிப்பில், 100 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் இரண்டு வாங்கி, இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். ப்ளஸ்-மைனஸ் குறியுள்ள சாதாரண எலெக்ட்ரோலைட்டிக்கை மட்டும் அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள். அங்கே ஓடுவது ஏசி, அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம்.