தயிர் டிப் ஏன் தண்ணீர் விட்டுக்கொள்கிறது?

"பிள்ளைகள் கேரட், வெள்ளரித் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிடட்டும் என்று தயிரில் பூண்டு, உப்பு, வெள்ளரித் துருவல் கலந்து டிப் செய்கிறேன். அரை மணி நேரத்தில் நீர்த்துவிடுகிறது. மிச்சத்தை மறுநாள் எடுத்தால் பூண்டு நெடி தூக்குகிறது. மயோனைஸ் சேர்க்காமல் கெட்டியாகச் செய்ய முடியாதா? எத்தனை நாள் வைக்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மயோனைஸ் வேண்டியதில்லை. உங்கள் கிண்ணத்துக்குள் மூன்று வழியாகத் தண்ணீர் வருகிறது, அதை அடைத்தால் போதும்.

முதல் வழி தயிர். 500 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்துடன் ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் விடுங்கள். ஏறத்தாழ பாதி எடை தண்ணீராக இறங்கிவிடும். இரவு முழுக்க விட்டால் ரொட்டியில் தடவும் பதத்துக்கு வந்துவிடும். டிப்புக்கு அவ்வளவு வேண்டாம். வடிந்ததைக் கரண்டியால் கலக்குங்கள், மிக்ஸியில் போடாதீர்கள். சுற்றுகிற வேகத்தில் தயிரின் கட்டு உடைந்து மறுபடி இளகிவிடும்.

இரண்டாவது வெள்ளரி. உப்பு பட்டதும் தன்னிடமுள்ள நீரையெல்லாம் வெளியே விடுவது அதன் இயல்பு. அதைக் கிண்ணத்துக்குள் விடாமல் முன்கூட்டியே விடவைக்க வேண்டும். விதைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுத் துருவி, கால் டீஸ்பூன் உப்பு பிசறி 15 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். பிறகு தயிரில் சேர்த்து, ருசி பார்த்த பின்னரே மேற்கொண்டு உப்புப் போடுங்கள்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: கழுவிய காய்கள். ஈரமான கேரட்டில் எந்த டிப்பும் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

இனி பூண்டு. நசுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் வேறொரு பொருளும் கலப்பதால்தான் அந்தக் காரம் பிறக்கிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கும். ஆகவே பூண்டை நசுக்கிய கையோடு எலுமிச்சைச் சாற்றில் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டுக் கலந்தால் மறுநாளும் சாதுவாக இருக்கும். 250 கிராம் வடித்த தயிருக்கு அரைப் பல் போதும் என்பது என் கணக்கு. அதுவும் நெடியென்றால் தோலோடு சுட்டு மசித்துப் போடுங்கள். சூட்டில் நொதி செயலிழந்து இனிப்பு வந்துவிடும்.

தயிர் அலுத்துப்போனால் எள் விழுது இருக்கிறது. இங்கே கதை தலைகீழ், தண்ணீர்தான் நண்பன். 4 மேசைக்கரண்டி விழுதில் எலுமிச்சை பிழிந்தால் களிமண் போல இறுகும். கெட்டுவிட்டதென்று பயந்து பலர் எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெயில் மிதக்கிற துகள்கள் கொஞ்சம் ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் இறுக்கம் அது, எண்ணெய்க்கு மசியாது. குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். திடீரென்று இளகி, வெளுத்து, கிரீம் போலாகும். வேர்க்கடலை விழுதுக்கும் இதே வழிதான். குழைய வெந்த கொண்டைக்கடலையை இந்த எள் விழுதுடன் அரைத்தால் ஹம்மஸ் என்ற டிப்.

இலைக் காய்களுக்கும் தக்காளிக்கும் கெட்டி டிப் பொருந்தாது. எண்ணெய் 3 பங்கு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ 1 பங்கு, பிரியாமல் இருக்க அரை டீஸ்பூன் கடுகு விழுது. மூடிய பாட்டிலில் குலுக்கினால் முடிந்தது. உப்பை மட்டும் முதலில் சாற்றில் கரையுங்கள், எண்ணெயில் அது கரையாது.

எத்தனை நாள்? தயிர் டிப்பை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜில் 3 நாள் வைக்கலாம். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். வாசனையிலோ ருசியிலோ தெரியாது.

பிள்ளைகளுக்குச் சிறு கிண்ணத்தில் தனியே எடுத்துக் கொடுங்கள். கடித்த கேரட்டை மறுபடி முக்குவார்கள். அந்தக் கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் பெரிய டப்பாவில் சேர்க்காதீர்கள்.