மூன்றாம் மாடியில் மட்டும் நெட் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் கல்லூரி விடுதியின் மூன்றாம் மாடியில் சாயங்காலம் ஆனால் சிலருக்கு நெட் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. நெட்வொர்க் ஸ்விட்சை (அறைகளின் நெட் ஒயர்களை இணைக்கும் பெட்டி) அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது. எங்கே தேடுவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: ஐபி முகவரியைத்தான் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) முதலில் பார்க்க வேண்டும். நெட் வராத லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று அடியுங்கள். நெட் வருகிற லேப்டாப்பிலும் அதையே செய்து, 'டிஎச்சிபி சர்வர்' (ஐபி முகவரி கொடுக்கும் கருவி) வரியை ஒப்பிடுங்கள். ஒன்றில் வளாக சர்வரின் முகவரியும் மற்றதில் 192.168.0.1 போன்ற ஒன்றும் இருந்தால், யாரோ வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து, சுவர் சாக்கெட் ஒயரை வெளி இணைப்புக்கான 'வேன்' துளைக்குப் பதில் உள் இணைப்புக்கான 'லேன்' துளையில் செருகியிருக்கிறார்கள். அந்த ரௌட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். லேப்டாப் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே பிடித்துக்கொள்ளும். பக்கத்து அறை ரௌட்டர் முந்திவிடுகிறது. வகுப்பு முடிந்து வந்து அதைப் போடுவதால்தான் சாயங்காலத் தொல்லை. முகவரி 169.254 என்று தொடங்கினால் விஷயம் வேறு. யாருமே முகவரி தரவில்லை, ஒயரைப் பாருங்கள்.

அறை அறையாக ஏறி இறங்க வேண்டாம். அதே லேப்டாப்பில் ஏஆர்பி, இடைவெளி, சிறுகோடு, ஏ என்று அடித்தால் 192.168.0.1க்கு எதிரே மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) தெரியும். ஸ்விட்சின் மேக் பட்டியலில் அது எந்த போர்ட்டில் இருக்கிறதென்று பார்த்து, அந்த போர்ட்டை அணையுங்கள். பிறகு, சர்வர் பக்கம் போகும் போர்ட்டை 'ட்ரஸ்ட்' (நம்பகமானது) செய்துவிட்டு, அந்த விலேனில் (ஸ்விட்சில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைப் போடுங்கள்; நம்பகமல்லாத போர்ட்களிலிருந்து முகவரி கொடுப்பதை அது தடுக்கும். வரிசை மாறினால் மாடி முழுக்க யாருக்கும் முகவரி கிடைக்காது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்: இந்த மாணவர் தெரியாமல் செய்ததை வேறொருவர் வேண்டுமென்றே செய்து, போலி டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) கொடுத்து, எல்லோரையும் போலிப் பக்கங்களுக்குத் திருப்ப முடியும்.

கே: ஆய்வகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் 1 ஜிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட் காட்டுகிறது.
– வாசகர், ராயபுரம்

ப: 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும்; ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒயருக்குள் நீல ஜோடிக் கம்பியோ பழுப்பு ஜோடிக் கம்பியோ தொடர்பு விட்டிருக்கும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்க நிறப் பின்களில் பச்சை படிந்திருந்தால் கடல் காற்றின் வேலை. சுரண்டினால் முலாம் போய்விடும். வெட்டிவிட்டுப் புதிய பிளக்கை க்ரிம்ப் செய்யுங்கள் (அழுத்திப் பொருத்துங்கள்), ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல். சாக்கெட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பச்சை இருந்தால், அதையும் மாற்றாவிட்டால் புதுப் பிளக்கும் சீக்கிரம் கெடும்.