'உது' யாரும் பேசுறதில்லையா? எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க

கேள்வி: "அ, இ, உ மூணும் சுட்டெழுத்துன்னு படிச்சோம். உது, உவன்னு நிஜமா யாராவது பேசுறாங்களா? அது, இது ரெண்டே போதாதா?"

நீங்க தமிழ்நாட்டு ஸ்கூல்ல படிச்சவரா இருப்பீங்க. "உ இப்ப வழக்குல இல்ல, பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க"ன்னு டீச்சர் சொல்லியிருப்பாங்க. எனக்கும் அதேதான் சொன்னாங்க. என்ன, அன்னைக்குக் காலைல தான் "உதை வச்சிட்டு வந்து சாப்பிடு"ன்னு அம்மாகிட்ட ஏச்சு வாங்கிட்டு கிளாஸுக்குப் போயிருந்தேன்.

1990ல யாழ்ப்பாணத்துல இருந்து படகுல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், கடைசியா திருச்சி. ஏழாம் கிளாஸ். கையத் தூக்கி, "நாங்கள் உப்பிடித்தான் கதைக்கிறனாங்கள் டீச்சர்"னேன். மொத்த கிளாஸும் சிரிச்சுச்சு, டீச்சரும் சிரிச்சாங்க. அந்த வருஷம் பூரா என் பேரே 'உது'தான். எட்டாவதுக்குப் போறதுக்குள்ள "அத குடுடா"ன்னு பக்கா திருச்சிக்காரனா மாறிட்டேன், வீட்டுக்குள்ள மட்டும் பழைய பேச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். புஸ்தகத்துல இ கிட்ட, அ தூரம், உ நடுவுலன்னு போட்டிருப்பாங்க. தப்புன்னு சொல்ல வரல, ஆனா எங்க வீட்டுல டேப் வச்சு அளந்து யாரும் உது சொன்னதில்ல. என் கையில இருந்தா இது. உங்க கையிலயோ உங்க பக்கத்துலயோ இருந்தா உது. ரெண்டு பேரையும் விட்டுத் தள்ளி இருந்தா அது. அம்மா திருச்சில, நான் சென்னைல, அண்ணன் டொரான்டோல. எனக்குப் போன் பண்ணினா "உங்கை மழையோ? அங்கை ஒரே குளிராம்"னு சொல்லுவாங்க. உங்கைன்னா நான் இருக்கற சென்னை, அங்கைன்னா டொரான்டோ. அதே அம்மா அண்ணன்கிட்டப் பேசும்போது டொரான்டோ 'உங்கை' ஆயிடும், பஸ்ஸுல ஆறு மணி நேரத்துல போற சென்னை 'அங்கை' ஆயிடும். இதுல நடு எங்க இருக்கு? காது குடுக்கற ஆள் எங்க இருக்காரோ, அவர் கண்ணு எதைப் பாக்குதோ, அது உ. பொருளாவே இருக்கணும்னு கூட இல்ல, நீங்க சொல்லிட்டு இருக்கற பேச்சையும் சுட்டலாம், "உந்தக் கதையை விடு"ன்னா நீ இப்ப இழுத்த பேச்சை விடுன்னு அர்த்தம்.

இது எவ்ளோ முக்கியம்னு எனக்கே அம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப தான் தெரிஞ்சுது. டாக்டர் பழைய எக்கோ ரிப்போர்ட் கேட்டார். என் மனைவி கரூர்க்காரி, திருச்சி வீட்டுல இருந்தா, அம்மாகிட்டப் போனைக் குடுத்தேன். "உங்க ரூம்ல தான் நிக்கிறேன் அத்தை, எங்க இருக்கு?" அம்மா சொன்னது: "பிள்ளை, உங்கை அலுமாரியுக்கை கிடக்கும், பாரும்." அதாவது நீ நிக்கிற இடத்துல இருக்கற அலமாரி. இவ காதுல விழுந்தது 'உங்க அலமாரி'. நாங்க வந்தா தங்கற மாடி ரூம்ல அவளுக்குன்னு ஒரு அலமாரி இருக்கு. மேல போய் ஒவ்வொரு புடவையா உதறி, முக்கா மணி நேரம் தேடி, "இல்லவே இல்ல அத்தை"ன்னு கிட்டத்தட்ட அழுதுட்டா. அதுக்குள்ள டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுப் போயாச்சு. அம்மாவுக்கு ஒண்ணுமே புரியல, "உதுக்கு முன்னாலைதானே பிள்ளை நிண்டனீர்!"னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு கிடையாது. அம்மா பேசினது அவ கண்ணு முன்னாடி இருந்ததைப் பத்தி, அவளுக்கு அந்தச் சொல்லே கிடையாது.

இப்ப யாராவது வருவீங்க, "எங்க ஊர்ல 'அது'வை வச்சே எல்லாம் புரியுதே"ன்னு. புரியும், நானே முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டிட்டேனே. யாழ்ப்பாணத்துக்காரங்களும் சண்டைக்கு வராதீங்க, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், நான் சொல்றது எங்க வீட்டுப் பேச்சு. தமிழ்நாட்டுலயும் அந்த வேலையைச் செய்ய வேற சொல் இருக்கு. எதிராளி இன்னும் பாக்காததை "அந்தா பாரு"ன்னு தானே காட்டறீங்க? பாத்தப்புறம் தான் "அது யாரு?" துருக்கி மொழில பு, ஷு, ஓன்னு மூணு இருக்கு, அதுல ஷு கேக்கறவர் கண்ணு இன்னும் அந்தப் பொருள் மேல படாதப்ப வர்றது. ஆறு வயசுப் பசங்களுக்குக்கூட அது பெரியவங்க அளவுக்குப் பிடிபடலன்னு 2006ல ஒரு ஆராய்ச்சில எழுதியிருக்காங்க. எதிராளி எங்க பாக்கறான்னு கவனிச்சுப் பேசறது அவ்ளோ லேசு இல்ல. எங்க ஊர்ப் பக்கத்துச் சிங்களத்துல மே, ஓய, அர, ஏன்னு நாலு, அதுல ஓய கிட்டத்தட்ட எங்க உது.

வழக்குல இல்லன்னு சொல்றவங்க குறள் 1185ஐ எடுத்துப் பாருங்க. "உவக்காண்எம் காதலர் செல்வார் இவக்காண்என் மேனி பசப்பூர் வது." அங்க பாரு அவர் போறார், இங்க பாரு என் உடம்புல பசலை படருதுன்னு ரெண்டு தடவை தலைவி தன் தோழியோட கண்ணை இழுக்கறா. இதைப் போர்டுல எழுதிப் போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

சம்பந்தம் இல்லாம ஒண்ணு. சென்னைல வாடகைக்கு வீடு பாக்கும்போது அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடிச்சிட்டோம், அம்மா கூட வந்து "உந்தக் கதவு சாத்துதில்லையே"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க. ஓனர் "சிலோனா?"ன்னார். சாயங்காலம் வீடு வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னு போன். அதுக்கப்புறம் வீடு பாக்க அம்மாவைக் கூட்டிட்டுப் போறதில்ல, கேட்டா வெயில்னு பொய் சொல்லுவேன்.

ரிப்போர்ட் மறுநாள் கிடைச்சுது, அம்மாவும் நல்லா ஆயிட்டாங்க. இப்ப மனைவி போன்ல எது கேட்டாலும் முதல்ல, "அத்தை, உங்கையா? இல்ல எங்களோடதா?"ன்னு கன்ஃபர்ம் பண்ணிக்கறா.

"உதென்ன கேள்வி பிள்ளை?"ங்கறாங்க அம்மா.